ஐஸ் பெட்டிக்குள் ஏழு உயிர்

வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் யாரைக் கேட்டாலும், எதையெல்லாம் காப்பாற்றினோம் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தாலிக்கொடி, சாமி படம். என்னிடமும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஓர் இறால் இருக்கிறது. (குழம்பு வைக்கிற இறால் இல்லை. மற்ற மீன்களின் வாய்க்குள் புகுந்து சுத்தம் செய்கிற, வெள்ளை மீசை வைத்த இறால்.) அந்த இறாலுக்குக் கொடுத்த மரியாதையை அன்றைக்கு வீட்டில் இருந்த மனிதர்களுக்குக் கொடுத்தேனா என்று கேட்டால், இல்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். என் மனைவி எழுதினால் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பாடாங் செராயில், ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் தரை வீடு. நான், மனைவி மாலதி, அவள் அம்மா, மூன்றே பேர். அத்தை ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்து ஓய்ந்தவர். சர்க்கரை வியாதி உண்டு. காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். அதிகம் பேச மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எங்கள் மேனேஜரின் திட்டு எவ்வளவோ தேவலாம்.

இந்த மூவரைத் தவிர எங்கள் ஹாலில் ஒரு கடலும் இருந்தது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் ஊதாவும் பச்சையுமாகப் பவளங்கள், அவற்றுக்கு நடுவே மீன்கள். மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. வேலை விட்டு வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் உப்பின் அளவைப் பார்ப்பேன். பிறகு தண்ணீரின் சூடு. பிறகு மறுபடியும் உப்பு, முதலில் பார்த்தது தப்பாக இருக்கலாமே. தொட்டியிலிருந்த மீன்கள் என்னைப் பார்த்த அளவுக்கு மாலதி என்னைப் பார்த்திருக்க மாட்டாள். 

அது ஒரு சனிக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு வாசல் சாக்கடை நிரம்பி, கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. காரை முன்னமே கோயில் மேட்டில் கொண்டுபோய் விட்டிருந்தேன். (அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். மேலே படிக்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.) பதினோரு மணிக்கு தாமான்காரர்கள் ஒரு லோரி கொண்டு வந்தார்கள். பெண்களையும் வயதானவர்களையும் முதலில் ஏற்றினார்கள். நிற்க இடமில்லாத கூட்டம்.

மாலதி துணிப்பையும் பத்திர ஃபைலும் தூக்கிக்கொண்டாள். சமையலறை மேசையில் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. அதில் பால், தோசை மாவு, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அத்தையின் இன்சுலின்.

"ஏங்க, லோரில இத வைக்க இடமில்ல. அடுத்த டிரிப்புல வரும்போது ஐஸ் பெட்டிய மட்டும் கையோட கொண்டாந்துருங்க. வேற ஒன்னும் வேணாம். கேக்குதா?"

"கேக்குது லா. நீ ஏறு முதல்ல."

"ஐஸ் பெட்டி!"

"ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி. போ."

லோரி திரும்பியது. பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என்னையும், எனக்குப் பின்னால் திறந்திருந்த ஹாலையும் ஒருமுறை பார்த்தார்.

அவர்கள் போய்ப் பத்து நிமிஷத்தில் மின்சாரம் போனது. தொட்டியின் மோட்டார்கள் நின்றன. எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும் ஹாலில் திடீரென்று ஓர் அமைதி. தண்ணீர் அசையாவிட்டால் உள்ளே காற்று குறையும், மீன்கள் மூச்சு முட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வெளியே இருந்தது. பால் டீ நிறத்தில் ஏறி வருகிற வெள்ளம் தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தால் மொத்தமும் செத்தது. தொட்டியின் விளிம்பு என் மார்பு உயரம். வெள்ளம் அதுவரை வராது என்றுதான் அறிவு சொன்னது. ஆனால் நான் அறிவைக் கேட்கும் நிலையில் இல்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் ஓடினேன். வீட்டில் அழுத்தமாக மூடுகிற மூடியும், சூடு மாறாத சுவரும் உள்ள பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்.

ஐஸ் பெட்டி.

பாலைக் கொட்டினேன். தோசை மாவைக் கொட்டினேன். இன்சுலினை மட்டும் கொட்டவில்லை, நான் அவ்வளவு மோசமானவன் இல்லை. அதை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி, கிளம்பும்போது சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் பத்திரமாக வைத்தேன். பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மீனுக்குச் சோப்பு ஆகாது என்று ஞாபகம் வந்து மறுபடி கழுவினேன். தோசை மாவும் ஆகாதே என்று மூன்றாம் தடவை கழுவினேன். இதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

பவளத் தொட்டியில் மீன் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முடியாது. அவை பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். பாறையை எடுத்தால்தான் மீன். பாறையை எடுத்தால் மணல் கலங்கி மீனே தெரியாது. பவளங்களை இரண்டு வாளிகளில் வைத்தேன். முடிந்த அளவு பாறைகளை அரிசி போட்டு வைக்கும் பெரிய டப்பாவுக்குள் இறக்கினேன். (அரிசியை எங்கே கொட்டினேன் என்று மாலதி இன்று வரை கேட்கிறாள்.) கோமாளி மீன்கள் இரண்டும் தாங்கள் குடியிருக்கும் கடல் சாமந்தியை (பூ மாதிரி விரிந்திருக்கும், ஆனால் அதுவும் ஓர் உயிர்தான்) விட்டு வர மறுத்ததால், சாமந்தியோடு சேர்த்துப் பெயர்த்தேன். மஞ்சள் மீனுக்கு வாலருகே கத்தி போல ஒரு முள் உண்டு. அது என் உள்ளங்கையை அழகாகக் கீறியது. இறால் தானாகவே என் கைமேல் ஏறிக்கொண்டது. சங்கு நண்டும் வந்தது. மணல் மீன் மட்டும் மணலுக்குள் புதைந்துகொண்டு காணவில்லை.

வெளியே ஹார்ன் சத்தம். லோரிக்காரத் தம்பி கத்தினான்.

"அண்ணே! வாங்கண்ணே! இதான் கடைசி டிரிப்பு!"

"ஒரு நிமிசம் தம்பி! மணல் மீனு மட்டும் பாக்கி!"

"என்னாது?"

"மணல் மீனு!"

அவன் லோரியில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்வது கேட்டது. லோரி கிளம்பிப் போய்விட்டது.

மணல் மீனைப் பிடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது, தண்ணீர் இடுப்பில் இருந்தது. சாப்பாட்டு மேசை மேல் ஏறி, ஐஸ் பெட்டியையும் வாளிகளையும் அரிசி டப்பாவையும் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன். சமையலறையில் ஏதோ பெரிதாகச் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. எதுவாக இருந்தாலும் அது மீன் இல்லை என்று நிம்மதி அடைந்தேன்.

கைப்பேசியில் மீட்புப் படையைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் ஒரு பெண்மணி நிதானமாக விலாசம் கேட்டார், சொன்னேன். "பெராப்பா ஓராங்?" என்று கேட்டார். எத்தனை பேர் என்று அர்த்தம். நான் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். கோமாளி மீன் இரண்டு, மஞ்சள் மீன், மணல் மீன், இறால், நண்டு, சாமந்தி.

"துஜூ ஞாவா!" என்று அலறினேன். "துஜூ ஞாவா, புவான்! தோலோங் செப்பாட்!"

ஏழு உயிர் அம்மா, சீக்கிரம் வாங்க. சத்தியமாக ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. என் மனதில் அந்த நேரத்தில் இருந்த கணக்கு அதுதான். என்னையே அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிஷத்தில் பெரிய படகு ஒன்று வாசலுக்கு வந்தது. இரண்டு பேர், இருவரும் மலாய்க்காரர்கள். ஏழு பாதுகாப்பு அங்கிகளும், ஏழு போர்வைகளும் எடுத்து வந்திருந்தார்கள். பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் உள்ளே நடந்து வந்து சுற்றிப் பார்த்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மற்ற ஆறு பேர் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

நான் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வெளியே படகில் இருந்த இளையவரைக் கூப்பிட்டார். அவரும் வந்து பார்த்தார். இளையவர் தன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். பெரியவர் ஓர் அங்கியை எடுத்து என் கழுத்தில் மாட்டி, வாரை இறுக்கினார். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினார் என்று நினைக்கிறேன்.

படகு அடுத்த தெருவில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஒரு சீனத் தம்பதி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கார் கூரை மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எனக்கு முன்னாலேயே கூப்பிட்டவர்கள். ஏழு உயிர் என்று கேட்டதும் படகை முதலில் என் வீட்டுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்காக வந்த போர்வைகளில் நான்கைந்தை அவர்மேல் போர்த்தினோம். படகில் இடம் பற்றாமல், அந்த அங்கிள் என் பவள வாளி ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார்.

"திஸ் ஒன் கென் ஈட் ஆ?" என்றார் கடைசியில்.

நான் தலைகுனிந்துகொண்டேன்.

நிவாரண மையம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். நான் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் பதிவு எழுதுகிற பெண், "ஓ, துஜூ ஞாவா" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பெயரைக் கேட்டார். மாலதிக்கு மட்டும் இன்னும் படம் வரவில்லை. கடைசி லோரியிலும் நான் வராததால் அவள் அழுதிருந்தாள். ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐஸ் பெட்டி?"

"கொண்டாந்துட்டேன்" என்றேன் பெருமையாக. அந்த ஒரு நொடி, அவள் கேட்டதைத்தான் கொண்டு வந்திருக்கிறேன் என்று நானே நம்பினேன்.

அத்தை ஒரு பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தாதி, வயதானவர்களின் மருந்தையெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். மாலதி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"அம்மாவோட இன்சுலின் இதுல இருக்கு மிஸ்ஸி" என்று சொல்லி மூடியைத் திறந்தாள்.

இரண்டு கோமாளி மீன்கள் அண்ணாந்து பார்த்தன.

மாலதி மூடியை மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்த மண்டபத்தில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியது போல எனக்குத் தோன்றியது.

"மருந்து எங்கங்க?"

"ஃபிரிட்ஜு மேல..." என்றேன். சொல்லும்போதே, சமையலறையில் சரிந்து விழுந்தது எது என்று புரிந்துவிட்டது.

அந்தத் தாதியிடம் கையில் இன்சுலின் இல்லை. மருத்துவமனையிலிருந்து வர வேண்டும், பாதி சாலைகள் தண்ணீருக்குள். "வந்துரும், பயப்படாதீங்க" என்றார். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரம் நான் மண்டபத்தின் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு கோடியில் போய் வாசலைப் பார்ப்பேன், இன்னொரு கோடியில் போய் அத்தையைப் பார்ப்பேன். நடுவழியில் மீனையும் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாலதி என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை அந்த மண்டபத்தில் இருந்த ஒரு தூணாகக்கூட மதிக்கவில்லை.

ஆறு மணி வாக்கில் மருந்து வந்தது. ஊசி போட்டார்கள். சர்க்கரை ஏறித்தான் இருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை என்றார் தாதி. நான் அத்தை பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "மீனு சாப்டுச்சா, மாப்ள?"

கிண்டலா, அக்கறையா என்று கண்டுபிடிக்கவே முடியாத குரல். அடுத்த இரண்டு நாளும் அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மண்டபத்தில் மின்சாரம் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துச் சுவரில் இருந்த பிளக்குகள் கொஞ்சம்தான், கைப்பேசிகளோ ஏராளம். வீட்டிலிருந்து வாளியோடு எடுத்து வந்த என் சின்னக் காற்று மோட்டாரை யாராவது கழற்றிவிட்டுத் தங்கள் கைப்பேசியைச் செருகுவார்கள். நான் கழுகு மாதிரிக் காவல் இருந்தேன். சாப்பாட்டு வரிசைக்குப் போனால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மூன்றாம் நாள் காலையில் ஐஸ் பெட்டித் தண்ணீர் லேசாக நுரைத்தது. மீன்களின் கழிவு சேர்ந்து நஞ்சாகிறது. உடனே புதுக் கடல் தண்ணீர் வேண்டும். சாலை திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுந்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் அத்தை.

"தஞ்சோங் டாவாய் அத்த. கடல் தண்ணி எடுக்க."

"நானும் வாரேன். இங்கயே ஒக்காந்து இடுப்பு போச்சு. அங்க நெத்திலி நல்லா இருக்கும்."

மாலதி அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னிடம் பேசினாள். "மருந்து அம்மா கைப்பையில இருக்கு. கைப்பைல மீன எதுவும் போட்டுறாதீங்க."

தஞ்சோங் டாவாயில் மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது. படகுத் துறையில் நின்று, காரில் கொண்டுபோன டிரம்களில் அவசர அவசரமாகத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். அத்தை பக்கத்தில் வந்து, டிரம்மில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இதுல உப்பு எங்க இருக்கு?"

"கடல் தண்ணி அத்த."

"வெள்ளம் பூரா இங்கதான வந்து எறங்குது? இது ஆத்துத் தண்ணி. உப்பு பேருக்குத்தான் இருக்கு."

உப்பு அளக்கும் கருவி வெள்ளத்தில் போய்விட்டது. என்றாலும் விடாமல், உப்பின் அடர்த்தி, ஆற்று முகத்துவாரம், அலை ஏற்ற இறக்கம் என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முப்பது வருசம் பள்ளிக்கூடத்துக்கே ஆக்கிப் போட்டவ மாப்ள நான். உப்பு தெரியாதா எனக்கு? கொட்டுங்க கீழ."

கொட்டினேன். அத்தை அங்கே வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு வயதான மீனவரிடம், சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் பேசினார். மீனவர் தன் பெயர் பாக் ஹாஷிம் என்றார். எங்கள் மருமகன் வளர்க்கும் மீனுக்கு உடம்பு சரியில்லை, வெளிக்கடல் தண்ணீர் வேண்டும் என்று அத்தை சொன்னதும், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடலில் மீன் பிடித்து விற்கிறவரிடம், விலைக்கு வாங்கிய மீனுக்குக் கடலைக் கொண்டுபோக வந்திருக்கிறேன். பிறகு படகின் கயிற்றை அவிழ்த்தார்.

நான் கெடாவில் பிறந்து வளர்ந்தவன். கோலா கெடாவிலிருந்து லங்காவிக்கு ஃபெர்ரியில் போயிருக்கிறேன். சின்னப் படகில் போனதில்லை. துறையைத் தாண்டிய பத்தாவது நிமிஷம் என் வயிறு என்னை விட்டுப் போய்விட்டது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே தொங்கப் போட்டேன். அத்தை நடுப்பலகையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸில் சீட் கிடைத்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பழுப்பாக இருந்த தண்ணீர் மெல்ல மெல்லப் பச்சையாக மாறியது. பாக் ஹாஷிம் இயந்திரத்தை நிறுத்தினார். அத்தை கையால் அள்ளி ருசி பார்த்தார்.

"இது கடலு."

டிரம்களை அவர்கள் இருவருமே நிரப்பினார்கள். நான் தொங்கிக்கொண்டுதான் இருந்தேன். அந்த நிலையில்தான், இனிமேல் இழக்க மரியாதை எதுவும் பாக்கியில்லை என்று தெரிந்த பிறகுதான், பேச்சு வந்தது.

"அத்த... அந்த இன்சுலின்..."

"ம்."

"மறந்துட்டேன் அத்த. வேணும்னு செய்யல."

"தெரியும்." கொஞ்ச நேரம் டிரம்மின் மூடியைத் திருகினார். "மாலதி பெட்டியத் தொறந்து மூடித் தொறந்தா பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன். அவ இருந்த இருப்புக்கு என்னையும் சேத்து ஏசியிருப்பா."

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. நிமிர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆனா ஒன்னு மாப்ள. ரெண்டு நாளா அவ பின்னாலயே போயி சாரி சாரின்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. மருந்து எனக்குல்ல? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னீங்களா? அன்னிக்கி ரெண்டு மணி நேரம் எனக்குப் பயமா இருந்துச்சு."

அவருக்குப் பயம் என்று ஒன்று வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. "மன்னிச்சிருங்க அத்த" என்றேன். அழுகையா குமட்டலா என்று தெரியாத ஒன்று தொண்டைக்கு வந்தது. குமட்டல்தான். மறுபடி விளிம்புக்குத் திரும்பினேன். அத்தை என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பாக் ஹாஷிம் தன் பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்து நீட்டினார்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்குப் போனபோது சுவரில் என் நெஞ்சுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு. வெள்ளம் அதுவரை வராது என்று என் அறிவு சொன்ன உயரம். தொட்டி உடையாமல் நின்றது. உள்ளே சேற்றுத் தண்ணீர், அதில் ஒரு பெரிய கெளுத்தி மீன் சொகுசாக நீந்திக்கொண்டிருந்தது.

"இதையே வளக்கலாமே" என்றாள் மாலதி. "உப்பு வேணாம், ஊசி வேணாம்."

கெளுத்தியை ஆற்றில் விட்டேன். வீடு காயும்வரை சுங்கைப் பட்டாணியில் மச்சான் வீட்டில் தங்கினோம். என் ஏழு உயிர்களும் அவர் வீட்டுக் குளியலறையில் ஒரு பெரிய தொட்டியில் தங்கின. ஐந்து பேர் கொண்ட மச்சான் குடும்பம் காலையில் என் மீன்களிடம் அனுமதி கேட்டுக் குளித்தது. மச்சான் நல்லவர், வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும், "வீடு காஞ்சிருச்சா மாப்ள?" என்று கேட்டார்.

நான் ஒவ்வொரு நாளும் பாடாங் செராய்க்கு ஓடினேன். சேறு வாரினேன், தொட்டியைக் கழுவினேன், புது மோட்டார் பூட்டினேன். சேற்றில் கிடந்த பாறைகளைத் தேய்த்து, காப்பாற்றிய பாறைகளோடு சேர்த்து அடுக்கினேன். இனி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, காத்திருப்பது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பாறையில் மறுபடி பெருக ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மீனை விட்டால் தண்ணீரே நஞ்சு. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பே எடுப்பேன்.

பத்தாம் நாள் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள் வந்தால் நல்ல தண்ணீர், பச்சை வந்தால் நஞ்சு. வந்த நிறத்தை நான் மஞ்சள் என்றேன்.

"பச்சையா இருக்கே" என்றார் அன்றைக்கு என்னோடு வந்திருந்த அத்தை.

"லைட்டு அப்படி அத்த."

அன்று பிற்பகலே மீன்களைக் கொண்டு வந்து விட்டேன். அவை சந்தோஷமாக நீந்தின. நானும் சந்தோஷமாக எல்லோருக்கும் படம் அனுப்பினேன். மறுநாள் காலை எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மஞ்சள் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு பாறையை எடுத்தேன். எடுத்ததை இன்னொரு பக்கம் வைத்தேன். ஏதோ ஒரு பாட்டில் மருந்தை ஊற்றினேன், அது போதுமோ போதாதோ என்று இன்னொன்றையும் ஊற்றினேன். தோள்வரை உள்ளே விட்டு மீனைத் துரத்தினேன். மணல் கலங்கி, தண்ணீர் பழுப்பாகி, வெள்ளம் இரண்டாம் தடவை வந்தது போல ஆனது.

"கைய எடுங்க மாப்ள."

நான் கேட்கவில்லை.

"கைய எடுங்க!"

முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு வரிசையையே அடக்கிய குரல். கையை எடுத்தேன். சுவரோரம் போய் நின்றேன், முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. அத்தை மிச்சமிருந்த கடல் தண்ணீரை அரிசி டப்பாவில் ஊற்றச் சொன்னார். மாலதி ஊற்றினாள். அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணல் அடங்கும்வரை சும்மா இருந்தார். அந்த சும்மா இருத்தலைப் பார்ப்பதே எனக்குச் சித்திரவதையாக இருந்தது. பிறகு வலையை இறக்கி ஒவ்வொன்றாக, துரத்தாமல், அவை தானாக வரும்வரை பார்த்திருந்து எடுத்தார். ஆறு உயிர் பிழைத்தது. மஞ்சள் மீன் அவர் உள்ளங்கையில் செத்துப் போனது.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய மீன். என் அவசரம்தான் அதைக் கொன்றது. பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்று அழுதேன். மாலதி வந்து ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்துதான் அவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தாள்.

"இனிமே இது என் கேன்டீனு" என்றார் அத்தை. அப்படியே ஆனது. அவர் தினமும் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார். நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார். (புதுக் கருவி வாங்கிய பிறகு ரகசியமாகச் சரிபார்த்தேன். மயிரிழை வித்தியாசம்தான்.) சோதனைக் குழாயை விளக்கடியில் பார்க்காமல் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆறு வாரம் கழித்து, "இப்பதான் மஞ்சளு" என்று சொன்ன பிறகே மீன்கள் தொட்டிக்குள் போயின. இன்று அந்தத் தொட்டியில் பவளங்கள் முன்பிருந்ததைவிட அடர்த்தியாக இருக்கின்றன. எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

தொட்டியின் மேல்மூலையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அத்தை தன் கையால் பெரிய எழுத்தில் எழுதி, கடையில் கொடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கியது. "மாப்பிள்ளை கை படக் கூடாது." வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் மைக்கைச் சரிசெய்யப் போனாலும், பிறந்தநாள் கேக்கை வெட்ட உதவப் போனாலும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: "கைய எடுங்க மாப்ள!" சொந்தக்காரர் கூட்டம் மொத்தமும் சிரிக்கும். மாலதியின் சிரிப்பு எல்லோரையும்விட ஒரு வினாடி முன்னால் தொடங்கும்.

எங்கள் மகள் பிறந்து இரண்டு வயதாகியும் ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் பேசினாள். எப்போது முழு வாக்கியம் பேசுவாள் என்று நான் தவித்துக்கொண்டே இருந்தேன், டாக்டரிடம்கூடக் கேட்டேன். ஒருநாள் மாலை, ஹாலில் தரையில் விளையாடிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்து, தெள்ளத் தெளிவாக, "அப்பா, கைய எடுங்க" என்றாள்.

நான் தொட்டியைத் தொடக்கூட இல்லை. மின்விசிறி சுவிட்சைப் போடப் போயிருந்தேன், அவ்வளவுதான். சோபாவில் உட்கார்ந்திருந்த அத்தை பேத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார்.